ஊற்றடியில் நாற்பது மாடு: பொது நிலம் யாருக்கு?

பாய்சி வில்லாளி:
அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துப் பக்கம் வேட்டைக்குப் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறதா? செப்டம்பர் 24, எல்க் மானுக்கு வில் வேட்டைக் காலம். இடம் பி.எல்.எம். நிலம்; அமெரிக்க மத்திய அரசின் நில நிர்வாகத் துறை வைத்திருக்கும் பொது நிலம், யார் பட்டாவும் கிடையாது. இருட்டோடு ஏறிப்போய் ஊற்றுத் தொட்டிக்கு மேலே ஜூனிப்பர் மரத்தடியில் பதுங்கினேன். முந்தின வாரம் அங்கே சேற்றில் பெரிய குளம்படிகள் பார்த்திருந்தேன். ஏழு மணிக்குச் சருகு மிதிபடும் சத்தம். நாணை இழுக்கப்போனால், வந்தது நாற்பது கறுப்பு ஆங்கஸ் மாடு. அதில் ஒன்று என்னைக் கண்டுபிடித்து, பத்தடியில் நின்று அசைபோட்டபடி வேடிக்கை பார்த்தது. எல்க் அந்தப் பக்கமே வரவில்லை. 2025-இல் ஒரு மாடும் கன்றும் ஒரு மாதம் மேய அரசு வாங்கியது 1.35 டாலர். காபி கூட வராது. உரிமம், டேக் (ஒரு மிருகத்தை வேட்டையாடத் தனியாக வாங்கும் சீட்டு), விடுப்பு என்று அழுவது நாங்கள்.

கிடைக்காரன்:
தம்பி, அந்தத் தொட்டிக்குக் குழாய் போட்டது யார் என்று யோசித்தீர்களா? அநேகமாக ஒரு மாட்டுக்காரருக்காகப் போட்டது. பராமரிப்பும் அவர் தலையில்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அந்தக் காய்ந்த சரிவுக்கு உங்கள் எல்க்கும் வந்திருக்காது, நீங்களும் போயிருக்க மாட்டீர்கள். நான் ராமநாதபுரம் பக்கம் ஆட்டுக்கிடைக் குடும்பம். வயலில் ராத்திரி கிடை போட்டால் வயல்காரர்தான் எங்களுக்குக் காசு தருவார், புழுக்கைக்காக. மேய்கிற பிராணி நிலத்தைத் தின்னத்தான் செய்யும் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது.

பாய்சி வில்லாளி:
வயல்காரர் கூப்பிட்டு நீங்கள் போனீர்கள் அண்ணே. இங்கே என்னை யார் கேட்டார்கள்? பொது நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு. வில்லோ தோட்டாவோ எது வாங்கினாலும் 11 சதவீத வரி விலைக்குள் இருக்கிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். வனவிலங்குக்குச் செலவாகும் பணம் அது. தனியார் நிலத்தில் மாட்டுக்கு மாதம் இருபது டாலருக்கு மேல் ஆகிறது. மிச்சத்தை யார் கொடுக்கிறார்கள்?

வக்கீல் இல்லை:
இரண்டு பேருக்கும் ஒரு கொட்டு. அந்த 11 சதவீதம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது, பி.எல்.எம். நிலத்துக்கு வாடகையாக அல்ல. அதைக் காட்டி மாட்டை விரட்ட முடியாது. கிடைக்காரன் அண்ணே, மேய்ச்சல் அனுமதியும் பட்டா ஆகாது. அனுமதியால் நிலத்தின் மேல் எந்த உரிமையும் பிறக்காது என்று 1934-இன் டெய்லர் மேய்ச்சல் சட்டத்திலேயே இருக்கிறது. பொதுவாகப் பத்து வருட அனுமதி. எத்தனை மாடு, எந்தத் தேதி உள்ளே, எந்தத் தேதி வெளியே என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். வில்லாளி, அந்தத் தேதியைப் பார்த்தீர்களா?

கட்டணம் பற்றி வில்லாளி சொல்வது நியாயம்தான். 1978 சட்டத்தின் சூத்திரப்படி கணக்கு, 1.35-க்குக் கீழே போகக்கூடாது என்பது 1986-இல் அதிபர் ரேகன் போட்ட வரம்பு. வருடக்கணக்காக அந்த அடித்தளத்திலேயே படுத்துக்கிடந்தது. இதைச் சந்தை விலை என்று யாரும் சொல்ல முடியாது.

கிடைக்காரன்:
இருபது டாலர் வாங்குகிற இடத்தில் பெரும்பாலும் வேலியையும் தண்ணீரையும் நிலக்காரர் பார்த்துக்கொள்வார். அது கணக்கில் வராதா? மாட்டுக்காரர் நொடித்துப்போனால் பள்ளத்தாக்கில் இருக்கும் அவருடைய சொந்த நிலம் பிளாட் போட்டு விற்கும். பனிக்காலத்தில் எல்க் இறங்கி வருவது அந்த மாதிரி இடத்துக்குத்தான். உங்கள் பாய்சி நகரில் வீடுகள் மலையடிவாரம் வரை ஏறுவதைத் தினமும் பார்க்கிறீர்களே.

புல்லறிவாளன்:
(பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், புல்லைப் படித்ததுதான் என் பிழைப்பு.) கிழக்கு ஒரிகானில் ஸ்டார்க்கி என்றொரு ஆராய்ச்சிக் காடு. சுமார் 25,000 ஏக்கரைச் சுற்றி உயர வேலி போட்டு, எல்க், மான், மாடு மூன்றும் எங்கே போகின்றன என்று 1989 முதல் பின்தொடர்கிறார்கள். மாடு ஒரு பகுதிக்குள் நுழைந்தால் எல்க் ஒதுங்கிப்போவது அங்கே தெளிவாகத் தெரிந்தது. ஆகவே வில்லாளி பிரமையில் பேசவில்லை. வசந்தத்தில் புல் தாராளம், சண்டை வராது. கோடைக் கடைசியில் பச்சை மிஞ்சுவது ஓடையோரம், ஊற்றடி. எல்லாம் அங்கேதான் போய் முட்டும். உங்கள் செப்டம்பர் அந்த நேரம்தான். அதற்காக மாடே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முன்பருவத்தில் அளவாக மேய்ந்துவிட்ட இடத்தில் அப்புறம் துளிர்க்கும் புல்லுக்கு எல்க் தேடி வரும்.

சமரசத்துக்கு இடமே இல்லாதது செம்மறிதான். அதிலிருந்து காட்டு பிக்ஹார்ன் ஆட்டுக்கு நிமோனியா தொற்றினால் மந்தையே சரிந்துவிடும். ஐடஹோவின் பயட் தேசிய வனத்தில் செம்மறி மேய்ச்சலை எழுபது சதவீதம் அளவுக்குக் குறைக்க 2010-இல் முடிவெடுத்தது அதனால்தான்.

கிடைக்காரன்:
செம்மறியைக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டீர்கள் சார்.

பாய்சி வில்லாளி:
தேதி கேட்டவருக்குப் பதில். அலுவலகத்துக்கு போன் செய்தேன். மாடு வெளியேற வேண்டிய தேதி செப்டம்பர் 30. ஆனால் அந்த மந்தை அன்றைக்கு அடுத்த அடைப்பில் இருந்திருக்க வேண்டுமாம், ஊற்றுப் பக்கம் அல்ல. நடுவில் ஒரு கம்பிக் கேட். "வேட்டைக்காரர் யாரோ சரியாக மூடாமல் போயிருக்கிறார், மாட்டுக்காரர் ரெண்டு நாள் குதிரையில் அலைந்து திருப்பினார்" என்றார் எதிர்முனைக்காரர்.

இருட்டில் நான் ஏறிப்போனது அந்தக் கேட் வழியாகத்தான். மூடினேன் என்றுதான் நினைவு.

கிடைக்காரன்:
கம்பிக் கேட்டா? கட்டையின் அடியை முதலில் கீழ் வளையத்துக்குள் சொருகணும் தம்பி. அப்புறம் தோளைக் கொடுத்து நெருக்கி மேல் வளையத்தை மாட்டணும். சும்மா சாத்தி வைத்தால் மாடு உரசினாலே விழுந்துவிடும்.