பரம் வீர் சக்ராவா, அசோக சக்ராவா? பள்ளிப் பலகைக்குச் சரியான விவரம் வேண்டும்

கேள்வி (கரும்பலகை):
குடியரசு தினத்துக்கு வீரப் பதக்கங்கள் பற்றிப் பலகை வைக்கிறோம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா, மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா. இரண்டுமே போர் அறிவிக்காத நேரத்தில் நடந்தவை. பிறகு ஏன் வேறு வேறு பதக்கம்? அட்டையில் மாதிரி செய்ய அளவும் சொல்லுங்கள்.

பதில் (மேல்நிலைக்காவல்):
போர் அறிவித்தார்களா என்பது கணக்கே இல்லை. 'எதிரியின் முன்னிலையில்' காட்டிய வீரமா என்பதுதான் கேள்வி. பரமேஸ்வரன் 8 மகார் படைப்பிரிவு. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், அமைதிப்படை நடவடிக்கையின்போது வீழ்ந்தவர். அந்த நடவடிக்கை இந்த வரையறைக்குள் வந்தது. முகுந்த் 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் (ராணுவத்தின் தீவிரவாத எதிர்ப்புப் படை); 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த மோதல். உள்நாட்டில் நடக்கும் இத்தகைய நடவடிக்கைக்கு அசோக சக்ரா வரிசைதான். அது சிவிலியன்களுக்கும் உண்டு, விமானப் பணிப்பெண் நீரஜா பனோட் பெற்றார். 'சிறிய விருது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முன்னுரிமை வரிசையில் பரம் வீர் சக்ராவுக்கு நேர் அடுத்த இடம் அதற்கு.

பதில் (நாடாக்கடை):
பரம் வீர் சக்ரா: வெண்கல வட்டம், விட்டம் 35 மி.மீ., நாடா அகலம் 32 மி.மீ., முழுக்க ஊதா, கோடு கிடையாது. முன்பக்கம் நான்கு வஜ்ராயுதம், நடுவில் தேசியச் சின்னம். பின்பக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர், இடையே இரண்டு தாமரை.

பலரும் தங்கத்தாள் ஒட்டிக் கெடுப்பது இங்கேதான். தங்கமுலாம் அசோக சக்ராவுக்கு. அதன் நாடா கரும்பச்சை, நடுவில் ஒரே ஒரு காவிக் கோடு. கோடு இரண்டானால் அதே வரிசையில் அடுத்த விருதான கீர்த்தி சக்ரா, மூன்றானால் அதற்கும் அடுத்த சௌர்ய சக்ரா ஆகிவிடும். பிள்ளைகள் கோடு போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்! நாடா மட்டும் ஒட்டுவதானால் ஊதா நாடாவின் நடுவே குட்டி வஜ்ராயுதம் ஒன்று வேண்டும்.

பதில் (மேல்நிலைக்காவல்):
இன்னொன்று. பரம் வீர் சக்ராவை நிறுவியது 1950 ஜனவரி 26, முதல் விருதுக்குரிய செயல் 1947 நவம்பர் 3, மேஜர் சோம்நாத் சர்மா, காஷ்மீரின் பட்காம். தேதி தப்பு என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். 1947 ஆகஸ்ட் 15 முதல் முன்தேதியிட்டு நடைமுறைப்படுத்தினார்கள், அவ்வளவுதான். இதுவரை 21 பேர், அதில் 14 பேருக்கு மறைவுக்குப் பிறகு. எல்லார் படத்துக்கும் மாலை போட்டுவிடாதீர்கள்.

கரும்பலகை:
ரொம்ப நன்றி. பல பதக்கங்களை ஒரே வரிசையில் வைத்தால் உயர்ந்தது எந்தப் பக்கம்?

நாடாக்கடை:
பார்ப்பவருக்கு இடது கோடியில். அணிந்தவருக்கு அதுதான் நெஞ்சின் நடுவை ஒட்டிய இடம்.