'பேங்க்' என்ற சொல்லை எப்படி விளக்குவது? உதவுங்கள்

நண்பர்களே, பணம் போடும் இடமும் பேங்க், ஆற்றங்கரையும் பேங்க், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் ஆங்கிலம் படிக்கும் ஒரு மாணவி கேட்டாள். ஒன்றுமில்லை, தற்செயல்தான் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தால் நான் சொன்னது தப்பு.

அகராதியில் தனித்தனியாக இருந்தாலும் இரண்டும் ஒரே பழைய ஜெர்மானிய வேரில் போய் முடிகின்றன. இத்தாலியில் காசு மாற்றுபவர்கள் முன்னால் போட்டிருந்த பலகைக்குப் பெயர் 'பாங்கா', அந்தப் பலகைதான் பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து பணம் இருக்கும் இடமாக மாறியது. நாம் உட்காரும் பெஞ்சும் இதே குடும்பம்! திவாலானவரைச் சொல்லும் 'பேங்க்ரப்ட்' கூட 'உடைந்த பலகை' என்ற இத்தாலியத் தொடரிலிருந்து வந்ததுதான். இதைப் படித்ததும் அவளிடம் உடனே சொல்ல வேண்டும் என்று மனசு துடித்தது.

சரி, இப்போது உதவி. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவதும் பேங்க்தான், இதற்கு 'சாய்தல்' என்றால் சாதாரணமாக இருக்கிறது, 'சாய்ந்து திரும்புதல்' நீளம். ஒரே சொல்லில் யாராவது சொல்வீர்களா? இன்னொன்று, இதற்கு நேர்மாறாக, தீக்குச்சி 'மேட்ச்', விளையாட்டு 'மேட்ச்' மாதிரி ஒரே உருவம், ஆனால் வேர் வேறு வேறு என்று இருக்கும் சொற்கள் தெரிந்தால் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு வேண்டும்.