கண்புரைக்கு முன்னாடி கண்ணீர்ப்பை

சரவணன்: அம்மாவுக்கு வலது கண் புரை ஆபரேஷன் தேதி குறிக்கப் போனோம். டாக்டர் மூக்கோரம் கண் மூலைய விரலால அழுத்தினதும் வெள்ளையா பீளை வந்துச்சு. "முதல்ல கண்ணீர்ப்பைய சரி பண்ணணும், புரை அப்புறம்தான்"னு டிசிஆர்ங்கற கண்ணீர்ப்பை ஆபரேஷன எழுதிக் கொடுத்துட்டாங்க. கதிர் மச்சான், புரைய முடிச்சிட்டு இத மெதுவா பாத்தா ஆகாதா?

கதிர்: ஆகாது மாப்ள. அந்தப் பீளை முழுக்க கிருமி. புரை ஆபரேஷன்ல சின்னதா இருந்தாலும் கண்ணத் திறந்துதான் வேலை செய்யறோம். பையில இருக்கற கிருமி உள்ள போயிட்டா கண்ணுக்குள்ளேயே சீழ் பிடிக்கும். அப்படி ஆனா சில நாள்லயே பார்வை போயிடலாம். அதனாலதான் புரைக்கு முன்னாடி எல்லாருக்கும் அந்த மூலைய அழுத்திப் பாக்கறது. விடாமப் பாத்த அந்த டாக்டர நம்பலாம்.

சரவணன்: ஆன்டிபயாடிக் சொட்டு போட்டா சுத்தமாகாதா?

கதிர்: போடற வரைக்கும் குறையும். பையில இருந்து மூக்குக்குக் கண்ணீர் இறங்கற வழி கீழ அடைச்சிருக்கறதால பை திரும்ப ரொம்பும், திரும்ப கிருமி வளரும். வழி திறந்தாத்தான் தீரும்.

தேன்மொழி: அத்தான், கண்ணீர் வழியில தண்ணி விட்டு அடைப்பு எங்கன்னு பாக்கற சிரிஞ்சிங் பண்ண ரிப்போர்ட் இருக்கும், அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுங்க.

சரவணன்: [படம்]

தேன்மொழி: இதுல தெளிவா இருக்கு. கீழ் இமை ஓரத்துல கண்ணீர் இறங்கற துளை வழியா உப்புநீர் விட்டிருக்காங்க. தொண்டைக்குப் போகல, மேல் இமைத் துளை வழியா சளியோட திரும்பியிருக்கு. "ஹார்ட் ஸ்டாப்"னு போட்டிருக்கறது நல்ல செய்திதான். ஊசி பை வரைக்கும் போய் எலும்புல தட்டியிருக்கு, அதாவது இமைத் துளையில இருந்து பைக்குப் போற நுண்குழல் ரெண்டும் நல்லா இருக்கு. அடைப்பு பைக்குக் கீழ, மூக்குக்குப் போற குழாய்ல. டிசிஆருக்குச் சரியான ஆள் அத்தை. விட்ட துளை வழியாவே தண்ணி திரும்பியிருந்தா நுண்குழல்லயே அடைப்புன்னு அர்த்தம். அப்ப வெறும் டிசிஆர் பண்ணாலும் வடியறது நிக்காது.

பத்மா: கதிரு, முகத்துல வெட்டுவாங்களாப்பா? மூக்கு வழியாவும் பண்ணலாம்னு சொல்றாங்களே.

கதிர்: ரெண்டு வழியும் இருக்கு அத்தை. ரெண்டுலயும் செய்யறது ஒண்ணுதான். பைக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்கற மெல்லிசான எலும்பை எடுத்துட்டு, பையை நேரா மூக்குக்குள்ள திறந்து விடறோம். அடைச்ச பழைய குழாய நாங்க தொடறதே இல்ல.

வெளி வழி முறை 1904லயே இத்தாலில டோட்டி எழுதி வெச்சது. கண் மூலைக்கும் மூக்குக்கும் நடுவுல 10-12 மி.மீ. கீறல். கைதேர்ந்தவங்க பண்ணா தொண்ணூறு சதத்துக்கு மேல பலன். தழும்பு சில மாசத்துல தோல் மடிப்போட கலந்துடும். மூக்கு வழியா பண்ற எண்டோஸ்கோப் முறையில வெளிய கீறலே கிடையாது, இப்பல்லாம் பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனா மூக்கு நடுத்தண்டு வளைஞ்சிருந்தா கருவி போக இடம் பத்தாது, சில சமயம் அதையும் நேராக்க வேண்டி வரும். உங்க டாக்டருக்கு எது கைப்பழக்கமோ அதை ஒத்துக்கங்க. முறையை விட கைதான் முக்கியம்.

சரவணன்: சிலருக்கு ஆபரேஷன் ஏன் தோல்வி ஆகுது?

கதிர்: எலும்ப எடுத்துத் திறக்கற ஜன்னல் சின்னதாப் போனா ஆகும். குறைஞ்சது 10 மி.மீ.யாவது திறக்கணும், ஆறும்போது வழி ரொம்பவே சுருங்கிடும். வெளி முறையில பையோட சவ்வையும் மூக்குச் சவ்வையும் சேர்த்துத் தைக்கறது அதுக்குத்தான், சவ்வு சவ்வோட ஒட்டினா வழி மூடாது. இன்னொண்ணு, ஜன்னல் மேல்பகுதியோடவே நின்னுட்டா பையோட அடிப்பகுதி குட்டை மாதிரி தேங்கும். வழி திறந்திருந்தும் பீளை வந்துக்கிட்டே இருக்கும். கீழ் விளிம்பு வரைக்கும் எலும்ப எடுத்தாத்தான் சரி. அப்புறம் தழும்புச் சதை வளர்ந்து மூடறது. முதல் சில மாசத்துலயே தெரிஞ்சிடும், மறுபடி பண்ணவும் முடியும்.

மாலதி: அண்ணி, பிபி மாத்திரைய ஆபரேஷன் அன்னைக்குக் காலைலயும் விடாதீங்க. மூக்குச் சவ்வுல ரத்தக்குழாய் ஜாஸ்தி, பிபி ஏறினா ரத்தம் கசிஞ்சு டாக்டருக்கு இடமே தெரியாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் நீர்க்கிற மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்னாடியே சொல்லிடுங்க. நீங்களா நிறுத்தக் கூடாது, இதய டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு பண்ணணும்.

பத்மா: பையவே எடுத்துட்டா சுலபம்னு ஒருத்தங்க சொன்னாங்க மாலதி.

மாலதி: அது டிசிடி. நேரம் கொஞ்சம், ரத்தமும் கொஞ்சம். ரொம்ப வயசானவங்களுக்கு, உடம்பு தாங்காதவங்களுக்குச் செய்வாங்க. சீழ் நிக்கும், கண்ணு வடியறது நிக்காது. உங்களுக்கு அது எதுக்கு?

கதிர்: சித்தி சொல்றது சரி. அத்தை, ஆபரேஷனுக்கு முன்னாடி கண் மூலை சிவந்து வீங்கி, தொட்டா உயிர் போற மாதிரி வலிச்சா உடனே போகணும். பையில திடீர்னு சீழ் கட்டினா அப்படி வரும். முதல்ல மருந்தால அடக்கணும், அந்த நேரத்துல சிரிஞ்சிங் பண்ணக் கூடாது. நீங்களா அழுத்தி எடுக்கவும் கூடாது. கண்ணீர்ல ரத்தம் கலந்து வந்தாலோ, மூலையில கெட்டியா கட்டி மாதிரி மேல் பக்கமா ஏறினாலோ சிடி ஸ்கேன் பாக்காம ஆபரேஷன் வேண்டாம். கட்டி இல்லன்னு உறுதி பண்ணணும்.

சரவணன்: முடிஞ்ச பிறகு வீட்டுல என்ன பாக்கணும் அத்தை?

மாலதி: ரெண்டு தலகாணி வெச்சு தலைய உயர்த்திப் படுக்கணும். முதல் நாள் சூடா எதுவும் குடிக்கக் கூடாது. ரெண்டு வாரம் மூக்கு சிந்தவே கூடாது, இதுலதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க. தும்மல் வந்தா வாயத் திறந்து தும்மணும். ஒண்ணு ரெண்டு நாள் லேசா ரத்தம் கலந்த சளி வரும், பயப்பட வேண்டாம். சொட்டுச் சொட்டா விடாம வந்தா உக்காந்து முன்னால குனிஞ்சு, மூக்கோட மெத்துன்னு இருக்கற பகுதிய 10-15 நிமிஷம் விடாமப் பிடிக்கணும். அதுலயும் நிக்கலன்னா ஆஸ்பத்திரி. வெளித்தையல்னா ஒரு வாரத்துல பிரிப்பாங்க.

புது வழி மூடாம இருக்க சிலிகான் டியூப் வெச்சா பொதுவா 6 வாரத்துல இருந்து 3 மாசம் இருக்கும். கண் மூலையில நூல் மாதிரி வளையம் வெளிய நீண்டுட்டா இழுக்கவோ வெட்டவோ கூடாது, வெட்டினா உள்ள நழுவிடும். மூக்குப் பக்கமா பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு நேரா டாக்டர்கிட்ட போயிடணும்.

சரவணன்: அப்ப புரை எப்போ?

கதிர்: பொதுவா ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சு. நாள்கணக்கு முக்கியமில்ல. அழுத்தினா பீளை வரக் கூடாது, சிரிஞ்சிங்ல தண்ணி தொண்டைக்கு இறங்கணும். அதுதான் கணக்கு.

சரவணன்: அப்பாவுக்கும் வண்டி ஓட்டறப்ப தண்ணி வடியுது. அவருக்கும் இதேதானா?

தேன்மொழி: மாமாவுக்குக் காத்து பட்டா மட்டும்தானே? கண்ணு காய்ஞ்சிருந்தாலும் எரிச்சல்ல தண்ணி கொட்டும். கீழ் இமை தளர்ந்து வெளிய திரும்பியிருந்தாலும், முடி உள்நோக்கி உரசினாலும் வடியும். முதல்ல இமையையும் கண்ணீர்ப் படலத்தையும் பாக்கட்டும்.

நித்யா: கதிர் அண்ணா, பாப்பாவுக்கு 5 மாசம், இடது கண்ணு பொறந்ததுல இருந்து பீளை. மசாஜ் பண்றோம், குறையவே இல்ல.

கதிர்: எப்படிப் பண்றம்மா?

நித்யா: கண்ணுக்குக் கீழ வட்டமா தேய்க்கறேன்.

கதிர்: அதுதான் பலிக்கல. நகம் வெட்டி, கை கழுவி, ஆள்காட்டி விரல் நுனிய கண் மூலைக்கும் மூக்கு எலும்புக்கும் நடுவுல வை. நல்லா அழுத்தி மூக்கோரமா கீழ இழு. தோல் மேல தடவறது இல்ல, பைக்குள்ள இருக்கற தண்ணிய கீழ தள்ளி, குழாய் முனையில மூடியிருக்கற சவ்வ அந்த அழுத்தத்துல திறக்கறது. ஒரு தடவைக்கு 10 இழுப்பு, நாளைக்கு 4 தடவை. பத்துல ஒன்பது குழந்தைக்கு ஒரு வயசுக்குள்ள சரியாயிடும். அதுக்கு மேலயும் வடிஞ்சா மெல்லிய கம்பி விட்டு அந்தச் சவ்வைத் திறப்பாங்க, புரோபிங்னு பேரு. வெளிச்சத்தப் பாத்தா கூசி கண்ண மூடிக்கிறாளா? கருவிழி பெருசாத் தெரியுதா?

நித்யா: இல்லண்ணா, வெளிச்சத்துல நல்லாத்தான் முழிக்கறா.

கதிர்: நல்லது. அது ரெண்டும் இருந்தா கண் அழுத்த நோயான்னு உடனே பாக்கணும், அதுக்குத்தான் கேட்டேன். இருந்தாலும் ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடு. மசாஜ ஒருத்தர் எதிர்ல செஞ்சு காட்டினா கை பழகிடும்.

தேன்மொழி: சாயங்காலம் வர்றேன் நித்யா, நானே செஞ்சு காட்டறேன்.