புரூஜ் நகரில் ஒரு நாள்: முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு எது ஏற்றது?

ஆம்பூர் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். தோல் வணிகம் தொடர்பாக ஏப்ரலில் பெல்ஜியத்தின் தலைநகர் பிரசல்ஸ் செல்கிறேன். 68 வயதாகும் அம்மாவும் உடன் வருகிறார். வேலை இல்லாத ஒரு நாளில் அவரை அதே நாட்டில் கால்வாய்கள் சூழ்ந்த புரூஜ் நகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அவருக்கு முழங்கால் வலி உண்டு. மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார். எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?

காட்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, சந்தைச் சதுக்கத்தில் உள்ள 83 மீட்டர் உயர மணிக்கோபுரத்தைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். 366 குறுகிய படிகள், மின்தூக்கி கிடையாது. அதன் 47 மணிகளும் சேர்ந்து இசைப்பதைக் கீழே அமர்ந்தே கேட்கலாம். ரயிலடியிலிருந்து மின்னவாட்டர் ஏரிக்கரை வழியாக நடந்தால், 1245இல் பெண்கள் கூடி வாழ்வதற்காக நிறுவப்பட்ட பெகைன்ஹோஃப் வளாகம் வரும். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஓங்கிய மரங்களும் அமைதியும் நிறைந்த அந்த முற்றத்தில் அம்மா இளைப்பாறட்டும். கருங்கல் பாவிய தெருக்கள் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் நல்ல காலணி அவசியம். அதை ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலூர், செவிலியர்:
புனித ஜான் மருத்துவமனையை யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பல நூற்றாண்டுகள் நோயாளிகளையும் வழிப்போக்கர்களையும் பேணிய அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். ஹான்ஸ் மெம்லிங் அந்த மருத்துவமனைக்காகவே வரைந்த ஓவியங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. நோயாளிகளின் கூடத்தை 1778இல் வரைந்த ஓவியம் ஒன்றும் உண்டு; வரிசையான கட்டில்களையும் பணிவிடை செய்யும் கன்னியரையும் பார்த்தபோது, இரவுப்பணி முடிந்து நான் நடந்து வரும் வார்டே கண்முன் நின்றது. எதிரிலுள்ள அன்னை மரியாள் ஆலயத்தில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாயும் சேயும் பளிங்குச் சிலை இருக்கிறது. 1794இல் பிரெஞ்சுப் படையும் 1944இல் ஜெர்மானியரும் கொண்டு சென்ற பிறகும், இரு முறையும் ஊர் திரும்பிய சிலை அது.

வாலாஜாபேட்டை வாசகர்:
என் கருத்து சற்று வேறு. முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். பகலில் வந்து போகும் கூட்டம் மாலையில் கலைந்த பிறகுதான், விளக்கொளி நீரில் விழும் ரோசன்ஹூட்காய் கரையின் அழகு தெரியும். படகுச் சவாரி ஏறக்குறைய அரை மணி நேரம்தான். துறையில் படியிறங்க வேண்டும், ஆயினும் கைபிடித்து இறக்கினால் அம்மாவால் முடியும். ஸ்வின் என்னும் கடற்கழி வழியாக வந்த கம்பளி, துணி வணிகத்தால் செழித்த ஊர் இது. 15ஆம் நூற்றாண்டில் அக்கழி தூர்ந்துபோக, வணிகம் ஆண்ட்வெர்ப் நகருக்கு நகர்ந்தது. புதிதாகக் கட்டப் பணமில்லாமல் போனதால்தான் பழைய வீடுகள் தப்பின. பாலாற்றங்கரையில் வளர்ந்த நமக்கு, நீர் விலகிய ஊரின் துயரம் விளங்கும்.

ஆம்பூர் வாசகர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் இரவு தங்குவதாக முடிவு செய்துவிட்டேன். முதல் நாள் பெகைன்ஹோஃபும் மாலைப் படகும். மறுநாள் காலை மருத்துவமனையும் ஆலயமும். என் தம்பி பிறந்தபோது வேலூர் மருத்துவமனையில் பல வாரம் படுத்திருந்த அம்மா, அந்தப் பழைய கூடத்தின் ஓவியத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறார்.