காப்பீட்டின் பெயரில் ஏமாந்த அனுபவங்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கும்பகோணத்தான்

"லேப்ஸ் ஆன பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு சார்" என்று வரும் அந்த போன், உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். என் அப்பாவுக்கும் வந்தது. பல வருடங்களுக்கு முன் கட்டாமல் விட்ட பாலிசி. பேசியவன் ஐஆர்டிஏஐ என்ற அரசு அமைப்பின் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு பாலிசி எண், நாமினியான அம்மாவின் பெயர், கட்டிய தவணை என்று எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். அப்பாவுக்கு அது போதும். 3,80,000 ரூபாய் கைக்கு வர முதலில் 49,500-க்கு ஒரு புதுப் பாலிசி, அப்புறம் ஃபைல் சார்ஜ், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று. ஆறு மாதத்தில் 2,14,000 போய்விட்டது.

பணம் போனது ஒரு பக்கம். அப்பா ஒரு நோட்டுப் போட்டிருந்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, ஃபைல் நம்பர், பேசியவன் பெயர், எல்லாம் நீல மையில் குண்டு குண்டான எழுத்தில். ஒரு பக்கத்தில் "பையனிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றார்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில்தான் இருந்தேன். போனை எடுத்துக்கொண்டு அவர் மொட்டை மாடிக்குப் போனதைப் பார்த்தேன், பழைய ஆபீஸ் நண்பராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மலர்விழி

அண்ணா, உங்கள் அப்பாவிடம் பேசியவன் முகம் தெரியாதவன். எங்கள் அம்மாவிடம் பேசியவர் வங்கிக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர். எஃப்டி முதிர்ந்து 5 லட்சம் வந்தது, புதுப்பிக்கப் போன அம்மாவிடம் "இதுவும் எஃப்டி மாதிரிதாம்மா, வட்டி ஜாஸ்தி" என்று ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். பார்த்தால் வருடா வருடம் 5 லட்சம் வீதம் பத்து வருடம் கட்ட வேண்டிய பாலிசி. விண்ணப்பத்தில் அம்மாவின் தொழில் ஜவுளி வியாபாரம், ஆண்டு வருமானம் 12 லட்சம். அம்மா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்.

கம்பெனியிலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வந்தபோது அந்த மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து "ஆமான்னு சொல்லுங்கம்மா" என்று தலையாட்டிக் காட்டியிருக்கிறார். புகார் கொடுத்ததும் கம்பெனிக்காரர்கள் அந்த ஒலிப்பதிவைத்தான் ஆதாரம் என்று எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். "வருடம் 5 லட்சம் கட்டச் சம்மதமா?" என்ற கேள்விக்கு அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, ஃபேன் ஓடுவது மட்டும் கேட்கிறது. பிறகு அம்மாவின் குரல்: "ஆமாங்க."

முன்னாள் ஏஜெண்ட்

எங்கள் மாமாவுக்கும் அந்த போனஸ் போன் வந்தது, என்னைக் கேட்டதால் தப்பித்தார், என் கதை அவ்வளவுதான். ஆனால் 14 வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஐஆர்டிஏஐ என்பது காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பு. அது பாலிசி விற்காது, போனஸ் அறிவிக்காது. அந்தப் பெயரில் யாராவது போன் செய்து பணம் என்று பேசினாலே பொய், வைத்துவிடுங்கள். 49,500 என்று கேட்டதைக் கவனித்தீர்களா? வருடத்துக்கு 50,000 தாண்டினால் பான் எண் தர வேண்டும் என்ற விதி இருந்தது, அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் இப்படி நிறுத்தினார்கள் என்பது என் கணிப்பு. ஜிஎஸ்டி என்று கேட்டால் இன்னும் சுலபம்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. பணம் அனுப்பிவிட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், கணக்கில் இருக்கும்போதே முடக்கினால்தான் உண்டு, மறுநாள் என்று தள்ளிப்போட்டால் பத்துக் கணக்குக்குப் பிரிந்து போய்விடும்.

மலர்விழி சொல்வது தவறான விற்பனை, மோசடி என்று சொல்ல முடியாது. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பியிருக்கும். இப்போதும் வழி இருக்கிறது. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், அவர்கள் கைவிரித்தால் ஐஆர்டிஏஐ-யின் புகார் எண்ணான 155255-ல் பதியுங்கள், அதற்கும் மேலே சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. ஆனால் கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். விண்ணப்பத்தின் நகலை வாங்கி அதில் யார் மொபைல் எண் இருக்கிறது என்றும் பாருங்கள். எஸ்எம்எஸ் வாடிக்கையாளருக்குப் போகாமல் இருக்க வேறு எண்ணைப் போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மலர்விழி

தையல்காரரை 12 லட்சம் சம்பாதிக்கும் வியாபாரி என்று எழுதியதற்கு நீங்கள் வைக்கும் பெயர் தவறான விற்பனையா? 30 நாள் என்கிறீர்கள், பத்திரத்தை அவரே வைத்திருந்து 47-ம் நாள் வீட்டுக்கு வந்து கொடுத்தார், அதற்கும் பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு. மொபைல் எண் விஷயம் மட்டும் புதிது. நாளைக்கே பார்க்கிறேன்.

ஓசூர் பாலா

எல்லோரும் ஆயுள் காப்பீட்டைப் பற்றியே சொல்கிறீர்கள். எனக்கு வண்டி. 125 சிசி பைக், ஆர்டிஓ ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் 500 ரூபாய்க்கு தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடிபடுபவருக்கு நஷ்டஈடு தரும் இன்சூரன்ஸ், போட்டேன். சோதனையில் இரண்டு முறை போலீஸிடம் காட்டினேன், பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மூன்றாம் மாதம் சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை இடித்துவிட்டேன், அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் பாலிசி எண்ணைத் தட்டிப் பார்த்த பெண் ஒன்றும் பேசாமல் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அது ஏதோ ஒரு லாரியின் பாலிசி.

தீர்ப்பாயம் சொன்ன நஷ்டஈடு முழுவதும் என் தலையில். மனைவியின் நகை போனது, பாக்கி இன்னும் கட்டுகிறேன். 75 முதல் 150 சிசி வரை தேர்டு பார்ட்டிக்கு அரசு 2022-ல் வைத்த விலை 714 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 843 பக்கம் வரும், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே விலைதான். 500-க்கு எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தப் பெரியவர் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

சேலம் கார்க்காரன்

இதை வேறு எங்கும் சொன்னதில்லை. காரின் இடது முகப்பு விளக்கு உடைந்திருந்தது, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வர அரை மணி நேரம் இருக்கும்போது மெக்கானிக் என் கண் முன்னாலேயே ரப்பர் சுத்தியலை எடுத்து நல்லா இருந்த வலது விளக்கிலும் ஒரு போடு போட்டான். "சேர்த்துப் புதுசாவே மாத்திடலாம் சார், காசு கம்பெனி குடுக்கும்." நான் தடுக்கவில்லை. சர்வேயர் கேட்டபோது "ஒரே இடியில் ரெண்டும்" என்று சொன்னது என் வாய்தான். பின்சீட்டில் என் பெண் உட்கார்ந்திருந்தாள், எட்டு வயது. வீட்டுக்கு வரும் வழியில் "ஏம்பா அந்த அங்கிள் அதை உடைச்சாரு?" என்று கேட்டாள்.

ஓசூர் பாலா

அண்ணே, என்ன பதில் சொன்னீர்கள்?

சேலம் கார்க்காரன்

ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

கும்பகோணத்தான்

ஏஜெண்ட் சார், எங்கள் விஷயத்தில் 1930-க்கு அடிக்கும் நேரமெல்லாம் தாண்டிவிட்டது, எஃப்ஐஆர் போட்டிருக்கிறோம். ஒன்று சொல்லத்தான் வந்தேன். நேற்று அப்பாவுக்கு மறுபடி போன். இந்த முறை குறைதீர்ப்பாளர் அலுவலகமாம். போன பணம் 2,14,000 என்று சரியாகச் சொல்லி, அதை மீட்டுத் தர 8,500 கட்டச் சொன்னானாம். போன தொகை எவ்வளவு என்று எங்களுக்கும் ஏமாற்றியவனுக்கும் போலீஸுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா பேச்சை முடிக்கவில்லை, போனைக் கையில் பிடித்தபடி மாடிப்படி இறங்கி வந்து, "தம்பி, நீயே பேசு" என்று என்னிடம் நீட்டினார்.