தின் கிளையண்ட்ல இருந்து ஆர்டிபி ஃபார்முக்கு எப்படி கனெக்ட் பண்றது: டிஎன்எஸ் ரவுண்ட் ராபினா, புரோக்கரா?

மில்_ஐடி:
வணக்கம் மக்களே. ஸ்டோர்ஸ், பில்லிங், ஷிஃப்ட் சூப்பர்வைசர்னு எங்க மில்லுல நூத்துச் சொச்சம் தின் கிளையண்ட் (சர்வர்ல ஓடுற டெஸ்க்டாப்ப காட்டுற சின்ன பாக்ஸ்) ஓடுது, பாதி லினக்ஸ் பாக்ஸ், பாதி விண்டோஸ் ஐஓடி. பின்னாடி அந்த டெஸ்க்டாப் ஓடுற சர்வர், அதாவது செஷன் ஹோஸ்ட், மூணு, விண்டோஸ் சர்வர் 2019, ஆர்டிபில (ரிமோட் டெஸ்க்டாப்) கனெக்ட் ஆகுது. எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரே பேருக்கு மூணு ஐபியையும் டிஎன்எஸ்ல போட்டு விட்டுட்டார் (ரவுண்ட் ராபின், மாத்தி மாத்தி ஒரு ஐபி குடுக்கும்), யார எந்த ஹோஸ்டுக்கு அனுப்பணும்னு பாத்துக்கிற புரோக்கர்லாம் கிடையாது, மூணும் தனித்தனி சர்வர். ஸ்டோர்ஸ்காரர் ஜிஆர்என் (சரக்கு வரவு ரசீது) பாதி அடிச்சுட்டு டீக்குப் போவார், வந்து பக்கத்து டெர்மினல்ல உக்காந்தா வேற சர்வர்ல புது டெஸ்க்டாப் வருது, பழைய செஷன் இன்னொரு சர்வர்ல டிஸ்கனெக்ட் ஆகி தொங்கிட்டு இருக்கு, இஆர்பி சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் லாக்னு எனக்கு போன். ஒரு சர்வர பேட்சுக்கு ரீபூட் பண்ணா சில லினக்ஸ் பாக்ஸ் அந்த செத்த ஐபியையே பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஏரியா வாரியா டெர்மினல ஒவ்வொரு சர்வர்ல கட்டிப் போட்டுரலாமா, இல்ல புரோக்கர் போடணுமா, கேட்வேயும் வேணுமா? மேனேஜ்மெண்ட்ல செலவுன்னு சொன்னாலே மூஞ்சி மாறுது.

கேபிள்_கந்தன்:
கட்டிப் போடுங்க ப்ரோ, சிம்பிள். ஸ்டோர்ஸ் ஒண்ணாவது சர்வர், பில்லிங் ரெண்டாவது. நாங்க அப்படித்தான் ஓட்டுறோம். எந்த டெர்மினல் எந்த சர்வர்னு மனப்பாடமே ஆயிடுச்சு.

ராக்_மவுண்ட்:
கந்தன் சொல்றது இருபது டெர்மினலுக்கு ஓகே. நூறுக்கு மேல போனா மாசக் கடைசில பில்லிங் சர்வர் மட்டும் மூச்சு முட்டும், மத்த ரெண்டும் சும்மா கிடக்கும், அந்த சர்வர் விழுந்தா அந்த டிபார்ட்மெண்டே வீட்டுக்குப் போகணும். உங்க ஜிஆர்என் கதைக்கு மருந்து புரோக்கர்தான், ஏன்னா யாரோட செஷன் எந்த ஹோஸ்ட்ல இருக்குனு குறிச்சு வச்சிருக்கிறது அது மட்டும்தான், டிஎன்எஸ்ஸுக்கு அந்தக் கவலையே கிடையாது. பேட்ச் போடுறப்போவும் ஒரு ஹோஸ்ட்ல புது லாகின் மட்டும் நிறுத்திட்டு, உள்ள இருக்கிறவங்க வெளிய வந்ததும் ரீபூட் பண்ணிக்கலாம். மூணு ஹோஸ்டுக்கு ஒரே ஒரு புரோக்கர் விஎம் (விர்ச்சுவல் மெஷின்) போதும். அது விழுந்தா புது லாகின் நிக்கும், ஓடிட்டு இருக்கிற செஷன் ஓடும். ரெண்டு புரோக்கர் வேணும்னா பொதுவா எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் கேக்கும், இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க. கேட்வே வெளிய இருந்து 443 போர்ட்ல வர்றவங்களுக்கு, மில்லுக்குள்ள எதுக்கு.

மில்_ஐடி:
சரிங்க, டெஸ்டுக்கு ஒரு விஎம்ல புரோக்கர் போட்டு மூணு ஹோஸ்டையும் ஒரே குழுவா ஒரு கலெக்‌ஷன்ல சேத்துட்டேன். லினக்ஸ் பாக்ஸ்ல சர்வர் பேர் போடுற கட்டம் ஒண்ணுதான் இருக்கு, அதுல புரோக்கர் பேர் போட்டேன். என் ஐடில சூப்பரா டெஸ்க்டாப் வருது, ஸ்டோர்ஸ் ஐடி போட்டா ரிமோட் லாகினுக்கு அனுமதி இல்லன்னு வெளிய தள்ளுது. குரூப்ல எல்லாம் சேத்துதான் இருக்கேன், தலை சுத்துது.

டெர்மினல்_தாத்தா:
தம்பி, உங்க ஐடில வந்த டெஸ்க்டாப்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஹோஸ்ட்நேம்னு அடிச்சுப் பாருங்க, புரோக்கர் பேர்தான் வரும். நீங்க அட்மின், அதனால புரோக்கர் மெஷினுக்குள்ளயே விட்டுருச்சு, ஸ்டோர்ஸ் ஆளுக்கு அங்க என்ன வேலைன்னு தள்ளிருச்சு. அதனாலதான் அட்மின் ஐடில டெஸ்ட் பண்ணவே கூடாதுங்கிறேன்.

2008 ஆர்2 காலத்துல ஃபார்ம் பேர போட்டு எந்த ஹோஸ்ட்ல விழுந்தாலும் அது புரோக்கர கேட்டு திருப்பி விடும். 2012ல இருந்து முதல் கனெக்‌ஷனே புரோக்கர்கிட்ட போகணும், கூடவே எந்த கலெக்‌ஷன்னும் கிளையண்ட் சொல்லணும், பேர் மட்டும் குடுத்தா பத்தாது. ஆர்டி வெப்ங்கிற லாகின் வெப் பக்கத்துல இருந்து டெஸ்க்டாப்போட ஆர்டிபி ஃபைல எறக்கி நோட்பேட்ல திறங்க, லோட் பேலன்ஸ் இன்ஃபோன்னு ஒரு வரி இருக்கும், விஷயமே அதுதான். விண்டோஸ் ஐஓடி பாக்ஸுக்கு அந்த ஃபைலையே தள்ளிவிடுங்க. லினக்ஸ் பாக்ஸுக்குள்ள பெரும்பாலும் ஃப்ரீ ஆர்டிபிங்கிற கிளையண்ட் சாஃப்ட்வேர்தான், அதுல இதே பேர்ல ஆப்ஷன் இருக்கு, எக்ஸ்ட்ரா பாராமீட்டர் போடுற இடம் இருந்தா அங்க போடுங்க. நீங்களா டைப் பண்ணாதீங்க, கலெக்‌ஷன் பேர்ல ஸ்பேஸ் இருந்தா உள்ள வேற மாதிரி இருக்கும், காப்பி பேஸ்ட்தான்.

அதுக்கும் இடமில்லாத பாக்ஸ்னா புரோக்கர் ரெஜிஸ்ட்ரில, டெர்மினல் சர்வர் கீக்கு கீழ கிளஸ்டர் செட்டிங்ஸ்ல, டிஃபால்ட் டிஎஸ்வி யூஆர்எல்னு ஒரு ஸ்ட்ரிங் போட்டு அந்த வரில டிஎஸ்வின்னு ஆரம்பிக்கிற பகுதிய ஒட்டுங்க. யாரு வெறும் பேரோட வந்தாலும் அந்த கலெக்‌ஷனுக்குப் போவாங்க. ஒரு கலெக்‌ஷனுக்குத்தான் இது, நாளைக்கு ரெண்டாவது போட்டா அங்க போறவங்களுக்கு ஃபைல்தான் வழி.

ராக்_மவுண்ட்:
தாத்தா சொன்னதோட இன்னொண்ணு. புரோக்கர் நடுவுல உக்காந்து டிராஃபிக்க கடத்தாது, இந்த ஹோஸ்டுக்குப் போன்னு அட்ரஸ் குடுத்து அனுப்பிடும், கிளையண்ட் திரும்ப அங்க நேரா கனெக்ட் பண்ணணும். அதனால டெர்மினல் விஎல்ஏஎன்ல (தனியா பிரிச்ச நெட்வொர்க்) இருந்து மூணு ஹோஸ்டோட ஆர்டிபி போர்ட் 3389மும் திறந்திருக்கணும். புரோக்கருக்கு மட்டும் திறந்து வச்சா பாஸ்வேர்டு வரைக்கும் நல்லா போகும், அப்புறம் கட் ஆகும், எல்லாரும் பாஸ்வேர்ட குறை சொல்லிட்டு இருப்பாங்க.

கேபிள்_கந்தன்:
லைசென்ஸ் எப்படி எடுத்தீங்க? ஷிஃப்ட்ல ஒரு டெர்மினல்ல மூணு பேர் உக்காந்தா டிவைஸ் கேல் (ஆளுக்கு இல்லாம டெர்மினலுக்கு ஒரு லைசென்ஸ்) தான் கட்டுப்படி.

மில்_ஐடி:
டிவைஸ்தான் கந்தன். ஹோஸ்ட்நேம் அடிச்சேன், புரோக்கரேதான் 😀 ரெஜிஸ்ட்ரி போட்டதும் ஸ்டோர்ஸ் ஐடி உள்ள போயிருச்சு, டிஸ்கனெக்ட் பண்ணி பக்கத்து டெர்மினல்ல லாகின் பண்ணா அதே பாதி ஜிஆர்என் வருது. விண்டோஸ் பாக்ஸ்ல மட்டும் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் புது லைசென்ஸ் கேக்குது, ரைட் ஃபில்டர் ஆன்ல இருக்கு, அதுவா இருக்குமா?

டெர்மினல்_தாத்தா:
அதேதான். வாங்கின லைசென்ஸ் ரெஜிஸ்ட்ரில எம்எஸ் லைசென்சிங் கீல உக்காந்திருக்கும், ஃபில்டர் ரீபூட்ல துடைச்சிடுது. அந்தக் கீய ஃபில்டர்ல விலக்கு குடுங்க. வீணாப் போனத நாமளா திரும்ப எடுக்கணும்னா, மொத்த டிவைஸ் கேல்ல ஒரு நேரத்துல 20 சதவீதம் வரைக்கும்தான் முடியும், மிச்சம் தானா எக்ஸ்பயர் ஆக 52ல இருந்து 89 நாள் வரைக்கும் ஆகும், அதனால மத்த பாக்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி இத முடிச்சிருங்க.