ரோமர் 11ஐ வாலிபர்களுக்கு எப்படி எடுக்கலாம்? உதவி தேவை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துச் சபையில வாலிபர் வேதபாடம் நடத்துறேன். நம்ம பொடியன் ஒருத்தன் இஸ்ரேலுக்கு விவசாய வேலைக்குப் போயிருக்கான். அவன் வீடியோ அனுப்பினா போதும், சபைப் பெரியவர் ஒருத்தர் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் வரைஞ்ச அட்டவணையை விரிச்சிடுவார். இஸ்ரேல் நாடு உருவான 1948க்குச் சிவப்புப் பேனையால வட்டம், அங்கிருந்து அம்புக்குறி நேரா இயேசுவின் இரண்டாம் வருகைக்கு! இஸ்ரேலைக் கடைசிக் காலத்தோட இணைக்கிற இந்த வகைப் போதனையை 19ஆம் நூற்றாண்டில் ஜோன் நெல்சன் டார்பி பரப்பினார், 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமக் குறிப்புகள் இன்னும் பரப்பின என்று சொன்னேன். "நீ விசுவாசிதானா தம்பி?" என்கிறார்.

எனக்கு அதைவிடக் கவலை பிள்ளைகள்தான். "இயேசுவைக் கொன்னது யூதர்தானே" என்று சர்வசாதாரணமா சொல்லுதுங்க. சிலுவைத் தீர்ப்புக் கொடுத்தது ரோம ஆளுநர் பிலாத்து. மரியாளும் பவுலும், ஏன் இயேசுவும் யூதர்தானே. 1543இல் புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் யூதருக்கு எதிரா எழுதினதை நாஜிகள் பிற்காலத்தில் பிரசாரத்துக்கு எடுத்தாங்க. அன்றைய யூதர் எல்லார் மேலயும், இன்றைய யூதர் மேலயும் அந்தப் பழியைப் போட முடியாதென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவிச்சது 1965இல்தான். கத்தோலிக்கர் சொன்னதுன்னு நம்ம ஆட்கள் கேட்க மாட்டாங்க, அது வேற கதை.

ரோமர் 9 முதல் 11 வரைக்கும், முக்கியமா யூதரல்லாத விசுவாசிகளை ஒட்டவைச்ச காட்டு ஒலிவக் கிளைன்னு பவுல் சொல்ற அந்த ஒலிவ மரப் பகுதிக்கு, எளிய தமிழ் விளக்கம் யாரிடமாவது இருக்கா? தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இறையியல் படிச்ச போதகரோ ஃபாதரோ ஒரு ஞாயிறு பின்னேரம் வர முடியுமா? பஸ் செலவு நாங்க பார்த்துக்கிறோம், சந்தியிலிருந்து ஆட்டோ அனுப்புறோம். இன்பொக்ஸ்ல சொல்லுங்க. காசா சண்டையை மட்டும் கமெண்ட்ல ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.